பக்கத்துச் சுவர்

கொண்டாநகரம் நீரேற்று நிலையத்தில்
விடியக்காலம் நாலரைக்குக் கரண்டு போனது.
மூணு மோட்டாரும் ஒரே மூச்சில் நின்றன.
மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணி
பாதி வழியில் யோசித்துத்
திரும்பி வந்தது.
டொம்.
தடுப்பு வால்வு அறைந்து சாத்திக்கொண்டது.
அழுத்தமானியின் முள் துள்ளி, நடுங்கி,
பைய இறங்கியது.

நான் இடது விலாவைப் பிடித்திருந்தேன்.
வலியில்லை. பழக்கம்.

பதினோரு வயதில் அங்கேதான் திறந்தார்கள்.
பெருந்தமனி ஓரிடத்தில்
வாய் இறுக்கிய சுருக்குப்பையாக இருந்ததாம்.
அந்த இடத்தைக் கீறி, அகலப்படுத்தி,
பாலியஸ்டர் துணியில் ஒட்டுப் போட்டார்கள்.
அதுவரை குளிர்ந்தே கிடந்த என் கால்களுக்கு
மறுநாள் சூடு வந்தது.
அப்பா பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்,
இட்லிக் கொப்பரையைத் தொடுகிறவர் போல.

இருபத்திமூணு வருஷம்.
போன வாரம் ஹைகிரவுண்டில்
நெஞ்சில் கருவியை அழுத்தியபடி
டாக்டர் மீரான் சொன்னார்:
"தையல் அருமை. கசிவு இல்ல. அடைப்பு இல்ல."
பிறகு ஏன் நூற்றறுபது?

திரையைத் திருப்பினார்.
ஒவ்வொரு துடிப்புக்கும்
மேலே சுவர் விம்முகிறது,
கீழே சுவர் விம்முகிறது,
நடுவில் ஒரு விரல்நீளம்
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
அசையாமல் நிற்கிறது.

"துணிக்கு விரியத் தெரியாது, பிரம்மசக்தி.
மிச்சச் சுவரும் உங்களுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் விறைப்பு.
ரத்தம் ஓட்டமா மட்டும் வரல, அலையா வருது.
மோதின அலை
இதயத்துக்கே திரும்புது."

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
பம்பு அறைக்கு வெளியே நிற்கிறதே காற்றுக்கலம்,
திரும்பும் தண்ணியை வயிற்றில் வாங்கி
மெதுவாக விட்டுக்கொடுக்கும் இரும்புக் குண்டு,
உடம்பு அதைத் தனியாக வைக்கவில்லை.
குழாயேதான் கலம்.
அதில் ஒரு விரல்நீளம்
எனக்கு இல்லை.

"ஒட்டு எப்ப சார் விடும்?"

"ஒட்டு விடாது.
பார்க்க வேண்டியது அதுக்கு எதிர்ச்சுவரை.
ஒட்டு விரியாத பங்கையும் சேர்த்து
அதுதான் விரியுது.
வருஷா வருஷம் ஸ்கேன் எடுப்போம்."

பேட்டை ரோட்டிலும் அப்படித்தான்.
ஜேசிபி உடைத்த குழாய்க்கு
இரும்புப் பட்டை போட்டோம்.
பட்டைக்கு இன்றுவரை ஒன்றுமில்லை.
அதிலிருந்து ஒரு முழம் தள்ளி
மூணு தடவை தோண்டியாகிவிட்டது.

திரும்புகிற பஸ் வண்ணாரப்பேட்டை தாண்டும்போதுதான்
தங்கபுஷ்பம் அக்கா நினைவுக்கு வந்தாள்.
என் ஆப்பரேஷனுக்கு அப்பா லாரியை விற்ற வருஷம்
அவள் ஒன்பதாம் வகுப்பு.
பள்ளிக்கூடப் பையில் இருந்த புத்தகங்களை எடுத்துவிட்டு
பீடி இலையை வைத்தாள்.
யாரும் சொல்லவில்லை.
யாரும் தடுக்கவும் இல்லை.
என்னை ஓடாதே என்றார்கள், குடம் தூக்காதே என்றார்கள்.
என் குடத்தையும் அவள் தூக்கினாள்.
நான் டிப்ளமோ முடித்தேன்.
அவள் முக்கூடலில், நாளைக்கு எழுநூறு பீடி.

ஐந்தே காலுக்குக் கரண்டு வந்தது.
கால் சுற்று, கால் சுற்றாக வால்வைத் திறந்தேன்.
முள் தூங்கி எழுந்த பிள்ளை போல
சிணுங்காமல் ஏறியது.

வேலை முடிந்ததும் போன் போட்டேன்.
"அக்கா, நீ பிரஷர் பாத்தியா?"

"எனக்கு எதுக்குட்டி?
ஆப்பரேஷன் பண்ணுனது உனக்குல்லா."

இலை வெட்டும் கத்தரியின் சத்தம்
அதற்குப் பிறகும்
நிற்காமல் கேட்டது.